அணை உடையும் என்று தலைவர் சொன்னால் ஊர் ஏன் நம்புகிறது?

கம்பத்தில் கல்லூரியில் படிக்கும் ஒரு தம்பி கேட்டிருக்கும் கேள்வி இது: "வெள்ளம், நிலநடுக்கம், நோய் என்று ஆபத்து வரும்போது அரசியல் தலைவர்கள் அரைகுறையாகப் பேசுகிறார்கள். படித்தவர்கள்கூட அப்படியே நம்பிவிடுகிறார்கள். பிறகு உண்மை வெளிவந்தாலும் மனம் மாறுவதில்லை. முல்லைப்பெரியாறு விஷயத்தில் நம் ஊரிலேயே இது நடந்தது என்று வீட்டில் சொல்கிறார்கள். ஏன் இப்படி ஆகிறது?"

நான் குமுளியில் குடியிருப்பவன். மலையாளப் பத்திரிகையும் தமிழ்ப் பத்திரிகையும் தினமும் படிக்கிறவன். கேரளத்தில் நின்று தமிழ்நாட்டுக்குத் தண்ணீர் தரும் இந்த ஒரே அணையைப் பற்றி இரண்டு மொழிகளில் இரண்டு விதமான செய்திகளைப் படித்தே பழகிவிட்டது. அதனால் இந்தக் கேள்விக்கு எல்லையில் இருந்தபடியே பதில் சொல்கிறேன்.

நெருக்கடி நேரத்தில் தலைவர்கள் முழுப் பொய் சொல்வது குறைவு. முழுப் பொய்யை யாராவது மறுநாளே பிடித்துவிடுவார்கள். பெரும்பாலும் நடப்பது வேறு. உண்மையான ஒரு தகவலை எடுத்து, அதனுடன் ஒட்டியிருக்கும் நிபந்தனையைக் கழற்றிவிட்டு மேடையில் வைப்பார்கள். 2011இல் நடந்ததைப் பாருங்கள். அந்த ஆண்டு ஜூலையிலும் நவம்பரிலும் இடுக்கி மாவட்டத்தில் சிறிய நில அதிர்வுகள் உணரப்பட்டன. ரிக்டர் அளவில் நான்கைக்கூடத் தொடாதவை. அதற்கு முன்பே ரூர்க்கி ஐஐடி நிபுணர்கள் கேரள அரசுக்கு ஓர் ஆய்வறிக்கை கொடுத்திருந்தார்கள். நீர்மட்டம் 136 அடியில் இருக்கும்போது, அணையிலிருந்து 16 கிலோமீட்டருக்குள், 6.5 அளவில் நிலநடுக்கம் வந்தால் அணை தாங்குவது கடினம் என்பது அதன் சாரம். மூன்று நிபந்தனைகள் இருக்கின்றன: நீர்மட்டம், தூரம், அளவு. மேடைக்குப் போனபோது மூன்றும் போய்விட்டன. "நிலநடுக்கம் வந்தால் அணை உடையும் என்று ஐஐடியே சொல்லிவிட்டது" என்பது மட்டும் மிஞ்சியது. நிலமோ ஏற்கெனவே நடுங்கியிருந்தது. கேட்டவர்கள் இரண்டையும் சேர்த்துக் கணக்குப் போட்டுக்கொண்டார்கள்.

ரிக்டர் அளவில் ஒரு எண் கூடினால் வெளிப்படும் ஆற்றல் சுமார் 32 மடங்கு கூடும். 3.5க்கும் 6.5க்கும் இடையில் மூன்று எண்கள். 32ஐ மூன்று முறை பெருக்கிப் பாருங்கள்: முப்பதாயிரம் மடங்குக்கு மேல் வருகிறது. நம் வீட்டுப் பாத்திரங்களை ஆட்டிய அதிர்வைப்போல் முப்பதாயிரம் மடங்கு ஆற்றல் வேண்டும், அதுவும் 16 கிலோமீட்டருக்குள். இந்தக் கணக்கைப் பத்தாம் வகுப்பு மாணவனுக்குச் சொல்லிப் புரியவைக்கலாம். அந்த நவம்பரில் இதை மக்களிடம் சொன்ன ஒரு தலைவரை நான் பார்க்கவில்லை. மாறாக, அணை உடைந்தால் ஐந்து மாவட்டங்களில் எத்தனை லட்சம் பேர் சாவார்கள் என்ற எண்தான் ஊரெல்லாம் ஓடியது. ஓரிடத்தில் 30 லட்சம், இன்னோரிடத்தில் 35, வேறோரிடத்தில் 40. எண் மாறிக்கொண்டே இருந்ததை யாரும் சந்தேகிக்கவில்லை.

ஏன் சந்தேகிக்கவில்லை? இங்கே கேரள மக்களுக்கு நியாயம் செய்தே ஆக வேண்டும். அவர்களுடைய பயம் யாரோ ஒரு நாளில் கிளப்பிவிட்டது கிடையாது. அணை 1895இல் கட்டி முடிக்கப்பட்டது, சுண்ணாம்பும் சுர்க்கி என்ற செங்கல் தூளும் வைத்து. 1979 ஆகஸ்டில் குஜராத்தின் மோர்பி நகருக்கு மேலே இருந்த மச்சு அணை உடைந்து ஆயிரக்கணக்கானவர்கள் இறந்தார்கள். அதற்குப் பிறகுதான் முல்லைப்பெரியாறு பற்றிய அச்சம் கேரளத்தில் பெரிதாக எழுந்தது. மத்திய நீர் ஆணையம் வந்து பார்த்தது. நீர்மட்டம் 136 அடிக்குக் குறைக்கப்பட்டது. அணையின் மேல் கான்கிரீட் தொப்பி போட்டார்கள், கம்பி வடங்களை உள்ளே இறக்கி அடித்தளத்துடன் பிணைத்தார்கள், பின்புறம் கான்கிரீட் சுவர் எழுப்பினார்கள். பலப்படுத்தியதைப் பற்றித் தமிழ்நாட்டில் பேசுவோம். பலப்படுத்த வேண்டியிருந்தது என்பதைக் கேரளத்தில் பேசுவார்கள். ஒரே வேலைதான்.

ஆகவே தலைவரின் பேச்சு வெறும் மனதில் போய் விழுவதில்லை. அங்கே பயம் ஏற்கெனவே குடியிருக்கிறது. வதந்தியைப் பற்றி ஆராய்ந்த ஆல்போர்ட், போஸ்ட்மேன் என்ற அமெரிக்க உளவியலாளர்கள் 1947இல் சொன்னது இன்றும் பொருந்துகிறது: விஷயம் நமக்கு முக்கியமாக இருக்க வேண்டும், தகவல் தெளிவில்லாமல் இருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்தால் வதந்தி பெருகும். உயிர் பற்றிய விஷயத்தைவிட முக்கியமானது எது? அரசுகள் ஆவணங்களை நீதிமன்றத்துக்கென்று பூட்டி வைத்திருக்கும்போது தெளிவு எங்கிருந்து வரும்?

இதற்கு இந்தியாவிலேயே ஒரு பழைய ஆய்வு உண்டு. 1934 ஜனவரி 15 அன்று பிகாரில் பெரும் நிலநடுக்கம் வந்தது. ஜமுனா பிரசாத் என்ற உளவியலாளர் அதன் பிறகு பரவிய வதந்திகளைச் சேகரித்து வெளியிட்டார். அதிர்வை உணர்ந்தும் சேதம் எதுவும் காணாத பகுதிகளில், இதைவிடப் பெரிய அழிவு வரப்போகிறது என்ற பேச்சு பரவியிருந்தது. பின்னாளில் லியோன் ஃபெஸ்டிங்கர் என்ற அமெரிக்க உளவியலாளர் இதை வைத்துத்தான் யோசிக்கத் தொடங்கினார். பயம் வந்துவிட்டது, பயப்படும்படி கண்ணெதிரே எதுவும் இல்லை. அந்தப் பயத்துக்கு நியாயம் தரும் காரணத்தை மனம் தேடுகிறது. 2011 நவம்பரில் குமுளி, வண்டிப்பெரியாறு, ஏலப்பாறை மக்களின் நிலை அச்சு அசல் இதுதான். தரை ஆடியது, வீடு நின்றது, பயம் போகவில்லை. "உங்கள் பயம் சரிதான், இன்னும் பெரியது வரும்" என்று ஒரு தலைவர் சொன்னால், அது ஒருவகையில் ஆறுதலாகவே கேட்கும்.

அதே 1934 நிலநடுக்கத்தில் இன்னொரு பாடமும் இருக்கிறது, அது தமிழ் மண்ணில் நடந்தது. ஜனவரி 24 அன்று திருநெல்வேலிக் கூட்டத்தில் காந்தி, தீண்டாமை என்ற பாவத்துக்குக் கடவுள் கொடுத்த தண்டனையே இந்த நிலநடுக்கம் என்று பேசினார். தீண்டாமையை ஒழிக்க வேண்டும் என்ற நோக்கத்தில் குறை சொல்ல எதுவும் இல்லை. ஆனாலும் தாகூர் உடனே எதிர்த்தார். இயற்கை அழிவுகளுக்கு இயற்கையான காரணங்களே உண்டு. இப்படிப்பட்ட விளக்கத்தை நம் மக்களில் பெரும்பகுதி எளிதாக ஏற்றுக்கொள்ளும் என்பதே கவலை என்றார். காந்தி தன் கருத்தை விட்டுக்கொடுக்கவில்லை. ஆனால் தாகூரின் மறுப்பைத் தன் 'ஹரிஜன்' பத்திரிகையிலேயே அச்சிட்டுத் தன் பதிலையும் போட்டார். மறுப்பு, பேச்சைக் கேட்ட அதே மக்களிடம் போய்ச் சேர்ந்தது. இன்று எந்தத் தலைவர் தன் மறுப்பாளருக்குத் தன் மேடையில் இடம் கொடுக்கிறார்?

சரி, நம்பிக்கை எப்படிச் செயலாக மாறுகிறது? மேடையில் பேசியவர்கள் யாரும் "தமிழரை அடி" என்று சொன்னதாக நான் கேள்விப்படவில்லை. லட்சக்கணக்கானவர்கள் சாகப் போகிறார்கள், அதற்குத் தமிழ்நாடுதான் காரணம் என்று சொன்னார்கள். அதன் பிறகு, ஏற்கெனவே கை ஓங்க நினைத்தவனுக்கு அனுமதி கிடைத்துவிட்டது. 2011 டிசம்பரில் குமுளி எல்லை மூடப்பட்டது. 144 போடப்பட்டது. ஐயப்ப பக்தர்களின் வாகனங்கள் தாக்கப்பட்டன. இடுக்கி ஏலத் தோட்டங்களில் வேலை செய்த தமிழ்த் தொழிலாளர்கள் குடும்பம் குடும்பமாக மலையிறங்கினார்கள்.

எனக்குத் தெரிந்த ஒரு அக்கா அப்போது உடும்பன்சோலைப் பக்கம் ஏலக்காய் எடுக்கப் போய்க்கொண்டிருந்தார். தோட்டத்துக் கங்காணி ஒரு மாலை லயத்துக்கு, அதாவது தொழிலாளர் குடியிருப்புக்கு வந்து, "இன்றிரவு இங்கே தங்க வேண்டாம், என்னால் காவல் நிற்க முடியாது" என்று சொல்லியிருக்கிறார். அவர் மலையாளி. பல வருடப் பழக்கம். இந்த அக்கா மகளின் கல்யாணத்துக்கு வந்து மொய் எழுதியவர். சம்பளப் பாக்கியை வாங்காமல், சட்டி பானையை அப்படியே போட்டுவிட்டுக் காட்டுப் பாதை வழியாகப் போடி பக்கம் இறங்கினார்கள். "அவர் முகத்திலும் பயம்தான் இருந்தது" என்று அக்கா இன்றைக்கும் சொல்வார். மலைக்குக் கீழே, கம்பம் பள்ளத்தாக்கில், அதே வாரத்தில் பல காலமாகப் பேக்கரி வைத்திருந்த ஒரு மலையாளியின் கடைக்கண்ணாடி நொறுங்கியது. அவர் கடையில் ரொட்டி வாங்கித் தின்று வளர்ந்த பிள்ளைகளே கல்லை எடுத்தார்கள். பல்லாயிரம் பேர் குமுளி மலையடிவாரத்தில் இருக்கும் லோயர் கேம்ப்பை நோக்கித் திரண்ட நாட்கள் அவை. இந்த இரண்டு சம்பவங்களிலும் அடித்தவனுக்கும் அடி வாங்கியவனுக்கும் அணையின் நீர்மட்டத்தை ஓர் அங்குலம்கூட மாற்றும் அதிகாரம் கிடையாது.

அந்த நேரத்தில் கேரளத்தில் ஒரு குரல் வேறு மாதிரி பேசியது. டிசம்பர் 2 அன்று மாநில அட்வகேட் ஜெனரல் கே.பி. தண்டபாணி உயர் நீதிமன்றத்தில், முல்லைப்பெரியாறு உடைந்தாலும் கீழே இருக்கும் இடுக்கி, செறுதோணி, குளமாவு அணைகள் அந்த நீரைத் தாங்கிக்கொள்ளும் என்ற பொருளில் சொன்னார். லட்சக்கணக்கான மரணம் என்ற பேச்சை நேராகத் தொடும் விஷயம் அது. அதன் மேல் நல்ல விவாதம் நடந்திருக்க வேண்டும். நடந்தது என்ன? அவர் பதவி விலக வேண்டும் என்ற கூச்சல். கட்சி வேறுபாடில்லாமல் அவர் மேல் பாய்ந்தார்கள். ஒரு பொய்யான நம்பிக்கை உறுதிப்படுவது இந்தக் கட்டத்தில்தான் என்பது என் கணிப்பு. தெரிந்த ஒருவர் வாய் திறந்து அடிபடுவதை மற்ற தெரிந்தவர்கள் பார்க்கிறார்கள். பிறகு அவர்கள் பேசுவதில்லை. அந்த மௌனத்தை மக்கள் சம்மதம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். தமிழ்நாட்டுப் பக்கத்திலிருந்தும் எண்ணெய் வார்த்தார்கள். மத்திய உள்துறை அமைச்சராக இருந்த ப. சிதம்பரம், அங்கே பிறவம் தொகுதியில் வரவிருந்த இடைத்தேர்தலுக்காகவே கேரளத்தில் இந்தப் பிரச்சினை கிளப்பப்படுகிறது என்ற பொருளில் சென்னையில் பேசினார். எதிர்ப்பு எழுந்ததும் திரும்பப் பெற்றுக்கொண்டார். திரும்பப் பெற்ற செய்தி யாருக்கு நினைவிருக்கிறது?

வெளிநாட்டு உதாரணங்களையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2020இல் பிரேசில் அதிபர் போல்சோனாரோ கொரோனாவைச் சின்னக் காய்ச்சல் என்று ஒதுக்கிப் பேசினார். கைபேசி இருப்பிடத் தரவுகளை வைத்து ஆராய்ந்த பொருளியலாளர்கள், அவருக்கு ஆதரவு அதிகமுள்ள ஊர்களில் அதன் பிறகு மக்கள் விலகியிருப்பது கூடுதலாகக் குறைந்ததைக் கண்டார்கள். தென்னாப்பிரிக்காவில் அதிபர் தபோ இம்பெக்கி, எய்ட்ஸுக்கு எச்ஐவிதான் காரணமா என்று ஐயம் கிளப்பி மருந்தைத் தாமதப்படுத்தினார். 2000 முதல் 2005 வரை அதனால் 3,30,000 உயிர்களுக்கு மேல் போயின என்று ஹார்வர்டு ஆய்வாளர்கள் 2008இல் மதிப்பிட்டார்கள். தலைவரின் வாய்ச்சொல் உயிரை எடுக்கும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

உண்மை தெரிந்த பிறகும் மனம் ஏன் மாறுவதில்லை என்பதே உங்கள் கேள்வியின் கடினமான பகுதி. ஒரு வாக்கியத்தைப் பலமுறை கேட்டால் அது உண்மையாகத் தோன்றத் தொடங்கும் என்பதை 1977இலேயே சோதனை செய்து காட்டிவிட்டார்கள். அதைவிடப் பயனுள்ளது ஜான்சன், சைஃபர்ட் என்ற இருவர் 1994இல் வெளியிட்ட சோதனை. ஒரு கிடங்கில் தீப்பிடித்த கதையைச் சிலருக்குப் படிக்கக் கொடுத்தார்கள். ஓர் அறையில் பெயின்ட்டும் எரிவாயு உருளைகளும் இருந்தன என்று முதலில் வரும். பிறகு, அது தவறு, அந்த அறை காலி என்று திருத்தம் வரும். திருத்தத்தைப் படித்தவர்கள், ஞாபகமும் வைத்திருந்தவர்கள், தீக்குக் காரணம் கேட்டபோது மறுபடியும் பெயின்ட்டையே காட்டினார்கள். காரணம் எளிது. பெயின்ட்டை எடுத்துவிட்டால் தீ ஏன் பிடித்தது என்பதற்கு அவர்களிடம் பதில் இல்லை. வேறொரு காரணத்தைக் கையில் கொடுத்தபோதுதான் பழையதை விட்டார்கள்.

இதை 2018 வெள்ளத்துடன் வைத்துப் பாருங்கள். முல்லைப்பெரியாறிலிருந்து தமிழ்நாடு திடீரென்று தண்ணீர் திறந்ததும் வெள்ளத்துக்கு ஒரு காரணம் என்று கேரள அரசு உச்ச நீதிமன்றத்தில் பிரமாணப் பத்திரம் கொடுத்தது. தமிழ்நாடு மறுத்தது. மறுப்பு யாருடைய மனதையும் மாற்றவில்லை, ஏனென்றால் மக்கள் காதில் விழுந்தது மறுப்பு மட்டும்தான், விளக்கம் போய்ச் சேரவில்லை. விளக்கம் ஆற்றின் போக்கிலேயே இருக்கிறது. முல்லைப்பெரியாறில் திறக்கும் நீர் வண்டிப்பெரியாறு வழியாக இடுக்கி அணைக்குப் போகும். அங்கிருந்து பெரியாறு வழியாக ஆலுவா பக்கம் போகும். 2018இல் செங்கன்னூர் மூழ்கியது பம்பையாற்றால். சாலக்குடி மூழ்கியது சாலக்குடி ஆற்றால். அந்த ஆறுகளுக்கு முல்லைப்பெரியாற்று நீர் போவதற்கு வழியே இல்லை. அப்படியானால் இத்தனை ஆறுகள் ஒரே நேரத்தில் ஏன் பொங்கின? மழை. ஆகஸ்ட் 15 முதல் 17 வரை மூன்று நாளில் மாநிலத்தில் சராசரியாக 414 மில்லிமீட்டர் கொட்டியது என்று மத்திய நீர் ஆணையம் கணக்குக் கொடுத்தது. நிரம்பியிருந்த இடுக்கிக்கு முல்லைப்பெரியாற்று நீரும் வந்து சேர்ந்தது உண்மை. அதையும் மறைக்கக் கூடாது. ஆனால் கேரளம் முழுவதும் மூழ்கியதற்கு அதைக் காரணம் காட்ட முடியாது. ஆற்றின் படத்தை வரைந்து காட்டிப் பேசியபோது என் மலையாள நண்பர்கள் கேட்டுக்கொண்டார்கள். "பொய்" என்று மட்டும் சொன்னபோது சண்டைதான் வந்தது.

இன்னொன்றும் உண்டு. 2016 அமெரிக்கத் தேர்தல் காலத்தில் டிரம்பின் ஆதரவாளர்களிடம் நடத்திய ஆய்வில், அவர் சொன்ன தவறான தகவல்களைத் திருத்தியபோது அவர்கள் திருத்தத்தை ஏற்றுக்கொண்டார்கள். ஆனால் அவருக்கு வாக்களிக்கும் எண்ணம் மாறவில்லை. அதாவது தகவலில் தோற்பதால் தலைவருக்கு நஷ்டம் இல்லை. நஷ்டம் இல்லாத வரை அவர் நிறுத்தப் போவதும் இல்லை.

நம் பக்கத்தை மட்டும் நல்லவர்களாக்கிவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. "இடுக்கி அணை ஒருபோதும் நிரம்பாது, அதை நிரப்பத்தான் கேரளம் நாடகமாடுகிறது" என்று தேனி மாவட்டத்து மேடைகளில் எத்தனை முறை கேட்டிருக்கிறோம். இடுக்கி நிரம்பி, அதே நீர்த்தேக்கத்தைச் சேர்ந்த செறுதோணி அணையின் ஷட்டர்கள் 1981இலும் 1992இலும் திறக்கப்பட்டன. இருந்தும் 2018 ஆகஸ்டில் அவை மீண்டும் திறந்த படங்களைத் தொலைக்காட்சியில் பார்க்கும் வரை இங்கே பலர் அதை நம்பவில்லை. 2021 அக்டோபர் 29 அன்று கேரள அமைச்சர்கள் இருக்கும்போது முல்லைப்பெரியாறு ஷட்டர்கள் திறக்கப்பட்டதும், தமிழக உரிமை பறிபோய்விட்டது என்று இங்கே முழங்கினார்கள். அலுவலகத்தில் 'ரூல் கர்வ்' என்று சொல்லும் ஓர் அட்டவணை இருக்கிறது. எந்தத் தேதியில் எத்தனை அடி வரை நீர் தேக்கலாம் என்று அது சொல்லும். அக்டோபர் இறுதிக்கு அது 138 அடி. அதன்படி திறந்தார்கள். நவம்பர் 30 அன்று அணை 142 அடியைத் தொட்டது. 2014 மே 7 அன்று உச்ச நீதிமன்றம் அனுமதித்த அதே 142. உரிமை போய்விட்டது என்று பேசியவர்களில் ஒருவராவது மறுபடி மேடையேறி "தண்ணீர் நின்றுவிட்டது" என்று சொன்னதாக நான் கேள்விப்படவில்லை.

ஆனால் அதே 2021இல் நல்லதும் ஒன்று நடந்தது. அணையை உடைத்து அகற்ற வேண்டும் என்று சமூக ஊடகங்களில் பெரிய பிரச்சாரம் எழுந்தபோது, அக்டோபர் 25 அன்று கேரள முதலமைச்சர் பினராயி விஜயன் சட்டசபையில் எழுந்து, தேவையில்லாத பீதி கிளப்பப்படுகிறது, கிளப்புகிறவர்கள் மேல் நடவடிக்கை வரும் என்றார். புதிய அணை வேண்டும் என்ற தன் மாநில நிலைப்பாட்டை அவர் விடவில்லை. பயத்தை மட்டும் அதிலிருந்து பிரித்தார். இதையே தமிழக அமைச்சர் ஒருவர் சொல்லியிருந்தால் இடுக்கியில் ஒருவரும் காது கொடுத்திருக்க மாட்டார்கள். தன் தலைவர், தன் மொழியில் சொன்னார். அந்த மாதம் தொழிலாளர்களை ஏற்றிய எங்கள் ஜீப்புகள் ஒரு நாளும் நிற்காமல் தோட்டத்துக்குப் போய் வந்தன. 2011ஐப் பார்த்தவர்களுக்கு இதன் மதிப்பு தெரியும்.

வயநாட்டு நிலச்சரிவிலும் பழைய முறைதான் திரும்பியது. 2024 ஜூலை 30 அதிகாலையில் நிலம் சரிந்தது. மறுநாளே, முன்கூட்டியே எச்சரித்தோம் என்று உள்துறை அமைச்சர் அமித் ஷா நாடாளுமன்றத்தில் சொன்னார். சரிவுக்கு முன் சிவப்பு எச்சரிக்கையே வரவில்லை என்று கேரள முதலமைச்சர் பதிலளித்தார். மழை எச்சரிக்கை வேறு, எந்த மலை எப்போது சரியும் என்ற எச்சரிக்கை வேறு. இந்த வித்தியாசத்தைச் சொல்லாமல் விட்டதால், உடல்களைத் தேடிக்கொண்டிருந்த நேரத்தில் நாடே கட்சி பிரிந்து வாதாடிக்கொண்டிருந்தது. அந்த வாரமே முல்லைப்பெரியாறு பயமும் திரும்பி வந்தது.

கடைசியாக, இரு பக்கத் தலைவர்களும் சரியாகப் பேசாத ஒன்று. முல்லைப்பெரியாறுக்கும் இடுக்கிக்கும் இடையில், ஆற்றங்கரையில் இருக்கும் மக்களை இடுக்கி அணை காப்பாற்ற முடியாது. வல்லக்கடவு, வண்டிப்பெரியாறு, சப்பாத்து, உப்புத்தறை. இங்கே தேயிலைத் தோட்ட லயங்களில் இருப்பவர்களில் ஏராளமானோர் தமிழர்கள். கேரளத்தில் வாக்கு வைத்திருக்கும் தமிழர்கள். இரவில் ஷட்டர் திறந்தால் ஆற்றின் சத்தத்தில் விழித்துக்கொள்பவர்கள் அவர்கள்தான். அவர்களுடைய பயத்தைக் கேரளத்தில் மேடையில் பயன்படுத்தினார்கள். அணை பலமாக இருக்கிறது என்ற ஒரே வார்த்தையில் தமிழ்நாட்டில் அதைத் தள்ளிவிட்டார்கள். 2021இன் அணைப் பாதுகாப்புச் சட்டம், அணைக்கு அவசரகாலச் செயல் திட்டம் வேண்டும் என்கிறது. நீர் வந்தால் எந்த லயத்துக்கு எத்தனை நிமிடம் இருக்கிறது, எந்த மேட்டுக்கு ஏற வேண்டும், யார் வந்து சொல்வார்கள் என்பதைத் தமிழிலும் மலையாளத்திலும் அச்சடித்து லயச் சுவரில் ஒட்டியிருக்கிறீர்களா? அடுத்த முறை யாராவது அணை பற்றி உங்கள் ஊரில் மேடையேறினால், தம்பி, இதைக் கேளுங்கள்.